மூன்று பேர் கண்டெடுத்த வேல்

புன்னைத்துறை ஆழிவேலர் கோயிலின் கும்பாபிஷேகச் சிறப்புமலர் வேலை மூன்று தடவை நின்றுபோனது. முதல் தடவை, வாழ்த்துரைகளை எந்த ஒழுங்கில் போடுவது என்ற சண்டையில். இரண்டாம் தடவை, படங்களை எந்த ஒழுங்கில் போடுவது என்ற சண்டையில். மூன்றாம் தடவை, முதல் இரண்டு தடவையும் சண்டையைத் தொடக்கியது யார் என்ற சண்டையில். மலரைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த பாடசாலை எழுதுவினைஞர் பெயர்களை ஒன்பதாவது முறையாக மேலும் கீழும் இழுத்துப் போட்டுவிட்டு, தோள்மூட்டில் பிடிப்பு என்று சொல்லி வாகரையிலுள்ள மனைவி வீட்டுக்குப் போனவர்தான், தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. அப்போதுதான் கோயில் சபைக்குத் தனுஷியாவின் ஞாபகம் வந்தது.

தனுஷியாவுக்கு முப்பது வயது. வீட்டு முன்னறையில் இருந்தபடியே நெதர்லாந்துக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். பால் கறக்கும் இயந்திரங்களுக்கான கையேடுகள் அவள் பொறுப்பு. கையேட்டை ஒரு தடவைதான் எழுதுவார்கள். அலங்காரம் எதுவும் இல்லாமல், வெறும் எழுத்தாக, இது தலைப்பு, இது எச்சரிக்கை, இது படம் என்ற குறிகளோடு. அந்த ஒரே மூலக் கோப்பு தடித்த புத்தகமாகவும், இணையப் பக்கமாகவும், கைபேசியில் வாசிக்கும் நூலாகவும், இயந்திரத்தின் வயிற்றில் ஒட்டுகிற சிட்டையாகவும் வெளியே வரும். ஒவ்வொன்றும் எப்படி வரவேண்டும் என்று தீர்மானிக்கிற பகுதிக்கு பேக்எண்ட் என்று பெயர். வாடிக்கையாளர் கேட்கிற மாதிரி அந்த பேக்எண்டுகளைப் பிரதி எடுத்து, விதிகளைத் திருத்திக் கொடுப்பதுதான் அவள் தொழில். இதை ஊருக்கு விளங்கப்படுத்த அவள் பலமுறை முயன்றிருக்கிறாள். “வெள்ளைக்காரன்ட மாட்டுக்குக் கம்பியூட்டர்ல புத்தகம் எழுதுற பிள்ளை” என்பதோடு ஊர் விளங்கிக்கொள்வதை நிறுத்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் சபை கூடியது. ஆழிவேலர் கோயிலை மூன்று குடிகள், ஊரின் மூன்று வம்சங்கள், நடத்துகின்றன. குடிக்கு ஒரு வண்ணக்கர், அதாவது அறங்காவலர். தோணித்துறைக் குடிக்கு அருமைநாயகம், ஓய்வுபெற்ற அதிபர், சமாதான நீதவான், தன் பெயருக்கு முன்னால் இவை இரண்டும் இல்லாத கடிதத்தைத் திறக்காமலே திருப்பி அனுப்புகிறவர். ஏழுவளவுக் குடிக்கு ஞானமணிப் போடியார், பெயரோடு பட்டம் ஒட்டிய பெருநிலக்காரர். வெல்லாவெளிப் பக்கம் அவருக்கு இருக்கும் வயல்வட்டையின் எல்லையை அவரே முழுதாக நடந்து பார்த்ததில்லை என்பார்கள். மணற்கரைக் குடிக்குத் துசாந்தன், மூவரிலும் இளையவர், உள்ளூர்த் தேர்தலில் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் ஒரே எண்ணிக்கையான வாக்குகளைப் பெற்ற விசுவாசம் மிக்க வேட்பாளர்.

தனுஷியா லப்டொப்பைத் திறந்து விளக்கினாள். எழுத்து ஒரு பக்கம், அதன் தோற்றம் இன்னொரு பக்கம். ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றலாம். எல்லாம் பேக்எண்ட் பார்த்துக்கொள்ளும்.

“என்ன எண்ட்?” என்றார் அருமைநாயகம்.

“பேக்எண்ட், சேர். பின்னால இரிந்து வேலை செய்யிறது.”

“கோயில் மலருக்குப் பின்பக்கம் என்னத்துக்குப் பிள்ள? முன்பக்கத்துக்கே வழியக் காணல்ல.”

போடியார் சிரித்தார். அதிபர் சிரிக்கவில்லை. அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

“அகர வரிசையில போடுவம்,” என்றாள் தனுஷியா. “ஆருக்கும் குறை வராது.”

அருமைநாயகத்தின் முகம் மலர்ந்தது. அது தமிழின் ஒழுங்கு என்றும், ஒழுங்கை மதிக்காத சமுதாயம் உருப்படாது என்றும், தன் பெயர் ‘அ’வில் தொடங்குவது வெறும் தற்செயல் என்றும் அவர் சொல்லி முடிப்பதற்குள் போடியார் எழும்பிவிட்டார்.

“அப்பிடியெண்டா நான் ‘ஞ’. எனக்குப் பின்னால ஆரு வருவான்? ஞண்டா?”

“நான்தான் வருவன்,” என்றார் துசாந்தன் எரிச்சலோடு. “து. கடைசி. எப்பவும் இளைஞருக்கு இந்த ஊரில கடைசி இடம்தான். வயசு குறைஞ்சவங்களை முதல்ல போட்டா என்ன?”

“கோயிலுக்கு வட்டை எழுதிக் குடுத்த அளவுப்படி போட்டா என்ன?” என்றார் போடியார்.

தனுஷியா யோசித்துவிட்டு, மூன்று படங்களையும் வட்டமாகப் போடலாம் என்றாள். வட்டத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை.

“வட்டத்தில மேல நிக்கிறது ஆரு?” என்றார் அதிபர்.

“வட்டத்துக்கு மேல் கீழ் இல்லையே சேர்.”

“வட்டத்துக்கு இல்ல. தாளுக்கு இரிக்கே.”

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “அப்ப ஆளுக்கொரு புத்தகம்தான் அடிக்கோணும்,” என்று லப்டொப்பை மூடினாள்.

ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. பகிடி விளங்கவில்லைப் போலும் என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். உண்மையில் அந்தப் பகிடி மூன்று பேருக்கும் நன்றாக விளங்கியிருந்தது. ஒவ்வொருவரும் அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை போடியார் இரண்டு முட்டி எருமைத் தயிரோடு வந்து இறங்கினார். தனுஷியாவின் தாய் அன்னப்பூரணியும் ஏழுவளவுக் குடி. போடியாருக்குத் தங்கச்சி முறை. அந்த முறையைப் போடியார் வருடத்தில் ஒருமுறைதான் ஞாபகப்படுத்துவார்.

“மனே, நேத்துச் சொன்னாயே ஒரு கதை. ஆளுக்கொரு புத்தகம். அது நடக்கிற காரியமா?”

“நடக்கிற காரியம்தான் மாமா. ஆனா...”

“ஆனா எல்லாம் மறுகா பாப்பம். எங்கட குடி ஆக்களுக்குப் போற புத்தகத்தில மட்டும் நாங்க முதல்ல. மற்றவங்களுக்குப் போறதில அவங்க என்னத்தையும் போட்டுக்கொள்ளட்டும். ஆருக்கும் தெரியத் தேவல்ல. ஏலுமா, ஏலாதா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சரியில்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது சரியா பிழையா என்றல்ல. ஏலுமா ஏலாதா என்று. அந்தக் கேள்விக்கு ஏலாது என்று சொல்லத் தனுஷியாவின் வாய் வளையாது. ஜெர்மன்காரனின் மாட்டுக்கொரு விதமாகவும் பிரெஞ்சுக்காரனின் மாட்டுக்கொரு விதமாகவும் புத்தகம் செய்கிறவளுக்கு ஏழுவளவுக் குடி எம்மாத்திரம்?

“ஏலும்,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை துசாந்தன் வந்தார், கைபேசியில் தன்னுடைய நாற்பத்தொரு படங்களோடு. புதன்கிழமை அதிபரின் குரல்பதிவு வட்ஸ்அப்பில் வந்தது. “வணக்கம். அருமைநாயகம், ஓய்வுபெற்ற அதிபர், சமாதான நீதவான், பேசுகிறேன்” என்று தொடங்கி, எழுத்துத் தமிழில், ஏழு நிமிடம். மூவரும் கேட்டது ஒன்றே. மற்ற இருவரும் கேட்டது மூவருக்கும் தெரியாது.

தனுஷியாவுக்கு வேலை பிடித்துப்போனது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்குப் பின்னாளில் வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு வாரமும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அச்சுப் புத்தகத்துக்கான பேக்எண்டை மூன்றாகப் பிரதி எடுத்தாள். மூலக் கோப்பில் வண்ணக்கர்கள் என்ற குறி வந்தால் முதல் பேக்எண்ட் ஓர் ஒழுங்கில் அடுக்கும், இரண்டாவது இன்னோர் ஒழுங்கில், மூன்றாவது வேறோர் ஒழுங்கில். ஒரு கட்டளை, மூன்று புத்தகம். கேட்பவர்களும் சும்மா இருக்கவில்லை. முதல் இடம் உறுதியான பிறகு ஆசை பக்கம் பக்கமாக இறங்கியது. போடியாரின் புத்தகத்தில் அவர் பெயர் வரும் இடமெல்லாம் ‘போடியார்’ தானாகச் சேர்ந்துகொள்ளும். அதிபரின் புத்தகத்தில் அவருடைய பட்டங்கள் முழுதாக வரும், மற்றவர்களின் பட்டங்கள் உதிர்ந்துவிடும். துசாந்தனின் புத்தகத்தில் மற்ற இருவரின் படங்களும் பத்து வீதம் சிறியவை.

“பதினைஞ்சு வேணாமா அண்ணன்?” என்று கேட்டாள்.

“இல்ல தங்கச்சி, கண்ணில தட்டுப்படும். பத்துக் காணும். நான் நீதியான ஆள்.”

ஒவ்வொன்றையும் யார் எந்தத் திகதியில் கேட்டார் என்று மூலக் கோப்பிலேயே எழுதிவைத்தாள். கம்பனிப் பழக்கம் அது. வரியின் தொடக்கத்தில் % என்ற வீதக்குறியைப் போட்டு எழுதினால் எந்த பேக்எண்டும் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. எந்தப் புத்தகத்திலும் வராது.

கடைசியாக வந்தது தலவரலாறு. ஆழிவேலர் கோயிலின் வேல் முந்நூறு வருடத்துக்கு முன் வாவியில் வலை வீசிய ஒருவரின் வலையில் சிக்கியது என்பதில் ஊரில் இரண்டு கருத்தில்லை. வலை யாருடையது என்பதில் மூன்று கருத்து. தோணித்துறையாருக்கு அவர் தங்கள் முன்னோர் பத்தினியன். ஏழுவளவாருக்குக் கதிராமன். மணற்கரையாருக்கு மயிலன். தனுஷியா அதையும் ஒரு குறியாக்கினாள். ‘கண்டெடுத்தவர்’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி, யார் என்பதை பேக்எண்டிடம் விட்டாள். வலை அப்படியே, விடியற்காலை அப்படியே, தோணியில் விழுந்து கும்பிட்டது அப்படியே. ஆள் மட்டும் மாறுவார். இப்படி எழுதி முடித்த பின்னேரம் அவளுக்கு ஒருகணம் ஏதோ உறுத்தியது. முந்நூறு வருட வரலாற்றின் நடுவில் ஆளின் பருமனுக்கு ஓர் ஓட்டை போட்டிருக்கிறோம் என்று தோன்றியது. பிறகு கட்டளையைக் கொடுத்தாள். மூன்று புத்தகமும் அறுபத்துநான்கு பக்கத்தில், ஒரு வரி கூடாமல் குறையாமல் வந்து நின்றன. உறுத்தல் போய்விட்டது.

அச்சடித்தவர் எதிர்க்கரை முஸ்லிம் ஊரில் அச்சகம் வைத்திருக்கும் உசனார்; எல்லோருக்கும் காக்கா, மூத்த அண்ணன் முறை. வாவியைக் கடக்க வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் பாதை என்ற மிதவையில் ஏறி, கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் முந்நூறு பிரதி. அட்டை மூன்றுக்கும் ஒன்றே, கோபுரத்தின் படத்தோடு உசனார் செய்தது. அடையாளத்துக்குப் பின்னட்டையின் மூலையில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி.

உசனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இது ஊட்டுக்கு ஒண்டா புள்ள, ஆளுக்கு ஒண்டா?”

“குடிக்கு ஒண்டு, காக்கா.”

“அது சரி. ஊட்டுக்கு எத்தினை வரும்?”

“ஒண்டுதான்.”

அவர் மூன்று கோப்புகளையும் இன்னொருமுறை எண்ணிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, “ஒங்கட ஊர், ஒங்கட வழக்கம். எனக்கென்ன,” என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

கும்பாபிஷேகம் குறையில்லாமல் நடந்தது. குடத்து நீர் கலசத்தில் விழுந்தபோது துசாந்தனின் ட்ரோன் மேலே சுற்றியது. மலர் வெளியீட்டில் மூவரும் ஒரே பிரதியின் ஒவ்வொரு மூலையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். எத்தனை புள்ளியுள்ள பிரதி என்று பின்னட்டையைத் திருப்பிப் பார்க்க மூவரும் முயன்றதில் அது கொஞ்சம் கிழிந்தது. பிறகு ஒவ்வொரு வண்ணக்கரும் தன் பக்கத்து மேசையில் தன் குடி ஆட்களைக் கூப்பிட்டு, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், கையில் கையில் கொடுத்தார்.

தனுஷியா வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு புத்தகத்தோடு கதிரையில் இருந்தாள். அப்பா ஒரு புத்தகத்தோடு எதிர்க் கதிரையில் இருந்தார். அப்பா தோணித்துறைக் குடி.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இந்தப் பகுதியில் குடி தாய்வழியில் வருவது. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை. புருசன் ஒரு குடியென்றால் பெண்சாதி கட்டாயம் இன்னொரு குடி. புன்னைத்துறையில் கல்யாணம் கட்டிய எந்த வீட்டை எடுத்தாலும் இரண்டு குடி. பிறந்த நாளிலிருந்து அவளுக்கு இது தெரியும். ஆனால் வேலை செய்த இரண்டு வாரமும் குடியை ஒரு நாடு மாதிரியும் வீட்டை ஒரு வாடிக்கையாளர் மாதிரியும் நினைத்திருந்தாள். ஜெர்மன் மாட்டுக்குப் பிரெஞ்சு மாட்டோடு கல்யாணம் ஆவதில்லை.

“பத்தினியன் எண்டு போட்டிரிக்கி, பாத்தியாகா?” என்றார் அப்பா, பக்கத்தைத் தட்டிக்காட்டி. “முப்பத்திரண்டு வருசமா உனக்குச் சொல்லுறன்.”

“உங்களுக்குக் கண்ணில பிழை,” என்றாள் அன்னப்பூரணி. “கதிராமன் எண்டுதான் கிடக்கு. இஞ்ச பாருங்க, அச்சில.”

இரண்டு பேரும் புத்தகத்தை மாற்றிக்கொண்டார்கள். தனுஷியா குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் காலை சர்மிலா வந்தாள். துசாந்தனின் மனைவி, ஊர்ப் பாலர் பாடசாலையின் ஆசிரியை, ஏழுவளவுக் குடி. இரண்டு புத்தகங்களையும் ஒரே பக்கத்தில் விரித்து மேசையில் வைத்தாள்.

“தனு, இதில எங்கட கதிராமன். அதில அவங்கட மயிலன். ஒரே நாள், ஒரே வலை, ஒரே தோணி. ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தவங்களா?”

“இல்ல அக்கா.”

“மற்றது, என்ட மனுசன்ட புத்தகத்தில போடியார் மாமா ஏன் சுருங்கிப்போய் இரிக்கார்?”

தனுஷியா சொல்லிவிட்டாள். முழுவதையும் சொன்னாள். சர்மிலா கதிரையை இழுத்துப்போட்டு இருந்து கேட்டாள். கடைசியில், “பத்து வீதமா?” என்றாள். “வீட்டில சீனி போடவே அளவு தெரியாத மனுசன்.” புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானத்துக்குள் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் வட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. பின்னேரம் சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் கேள்வி வந்தது. கல்குடாவில் கல்யாணம் கட்டிப்போன பெண்கள்கூட அழைத்துக் கேட்டார்கள், தங்களுக்கு எத்தனை புள்ளிப் புத்தகம் வரும் என்று. ஊரில் ஆச்சரியமான ஒன்று நடந்தது. மூன்று வரலாறு இருப்பதைப் பற்றி ஒருவரும் கோபப்படவில்லை. மற்ற இரண்டும் இருப்பதைப் பற்றித்தான் எல்லோருக்கும் கோபம். எங்களுடையது மூலம், மற்றவை கள்ளப் பிரதி என்று மூன்று குடியும் ஒரே குரலில் சொன்னது. அந்த ஊரில் மூன்று குடியும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கூட்டம். இருக்க இடமில்லாமல் ஆட்கள் யன்னல்களில் நின்றார்கள். மேடையில் மூன்று வண்ணக்கர்களும் அகர வரிசையோ வயது வரிசையோ இல்லாமல், யார் முந்தி வந்தாரோ அந்த வரிசையில் இருந்தார்கள். அதிபர் ஆறு மணிக்கே வந்துவிட்டதாகக் காவலாளி சொன்னான்.

“அன்பார்ந்த அடியார்களே,” என்று அதிபர் தொடங்கினார். “ஒரு பெரும் பிழை நடந்திருக்கிறது. சபைக்குத் தெரியாமல், சபையின் அனுமதி பெறாமல், மூன்று விதமான பிரதிகள் அச்சிடப்பட்டுள்ளன. இந்தப் பொறுப்பைச் செல்வி தனுஷியாவிடம் நம்பிக் கொடுத்திருந்தோம்.”

“நம்பித்தான் குடுத்தம்,” என்றார் போடியார், தலையை ஆட்டி.

“நம்பிக்கைத் துரோகம்,” என்றார் துசாந்தன்.

தனுஷியா முதலில் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். மூன்று முகத்திலும் ஒரு சின்ன அசைவும் இல்லை. போடியார் அவளைப் பார்த்தபோது அவர் கண்ணில் உண்மையாகவே கவலை இருந்தது. வழிதவறிய மருமகளைப் பார்க்கிற மாமனின் கவலை. தான் கேட்டதை அவர் மறைக்கவில்லை, மறந்தேவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“மூலப் பிரதி எது?” என்று யன்னலில் நின்ற ஒருவர் கத்தினார். “அதைக் காட்டச் சொல்லுங்க!”

“ஓம். மூலத்தைக் காட்டு, பிள்ள,” என்றார் அதிபர். “ஊர் பார்க்கட்டும்.”

“காட்டுறன் சேர்,” என்றாள்.

பாடசாலையின் புரொஜெக்டரை லப்டொப்பில் கொளுவினாள். திரையில் மூலக் கோப்பு விரிந்தது. தலைப்பில்லை, படமில்லை, பூவேலை இல்லை. கறுப்பு எழுத்தும் குறிகளும்தான். தலவரலாற்றுப் பக்கத்துக்கு இறக்கினாள். ‘ஒருநாள் விடியற்காலை வாவியில் வலை வீசிய’ என்று வரி வந்தது. அதன் பிறகு ‘கண்டெடுத்தவர்’ என்ற குறி. பிறகு ‘தோணியிலேயே விழுந்து வணங்கினார்’. அந்தக் குறியின் மேலே வீதக்குறி போட்ட மூன்று வரிகள்.

முன்வரிசையிலிருந்து சர்மிலா எழும்பினாள். பாலர் பாடசாலையில் கதை வாசிக்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தாள்.

“‘பதினாலாம் திகதி. போடியார் மாமா கேட்டது: கதிராமன் எண்டு வரோணும். பதினஞ்சாம் திகதி. துசாந்தன் அண்ணன் கேட்டது: மயிலன். மற்ற ரெண்டு பேர்ட படத்தையும் பத்து வீதம் சின்னதாக்க வேணும். பதினாறாம் திகதி. அதிபர் சேர் கேட்டது, ரெண்டாம் குரல்பதிவு, ஒன்பது நிமிசம்: பத்தினியன். மற்றவர்களுடைய பட்டங்களை எடுத்துவிட வேணும்.’”

யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. ஆண்கள் பக்கம் சிரிப்பதா கோபப்படுவதா என்று பக்கத்திலிருந்தவனைப் பார்த்தது. பக்கத்திலிருந்தவன் எந்தக் குடி என்று பார்த்துவிட்டுச் சிரித்தது.

“எனக்கு அஞ்சு வீதமாவது விட்டிரிக்கலாமே தம்பி,” என்றார் போடியார் துசாந்தனிடம், ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமல்.

மூவரும் மேடையில் தலையை ஒன்றுசேர்த்துக் குசுகுசுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் அதிபர் எழும்பினார். குற்றவாளி அகப்பட்டுவிட்டது. கம்பியூட்டர். ஒரு தொழில்நுட்பக் கோளாறால் மூன்று விதமான பிரதிகள் வந்துவிட்டன என்றும், மனிதர் யார்மீதும் தவறில்லை என்றும், செல்வி தனுஷியா மூன்று குடிகளுக்கும் முகவரியிட்டு ஒரு மன்னிப்புக் கடிதம் தந்தால் காரியம் முடிந்தது என்றும் சபை தீர்மானித்திருந்தது.

“தாறன் சேர்,” என்றாள் தனுஷியா. “முகவரியில எந்தக் குடியை முதல்ல எழுத?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மூவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அரைமணி நேரத்தில் மேடையில் ஒரு கதிரை உடைந்தது. அவள் லப்டொப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பின்கதவால் வெளியே வந்தாள். மன்னிப்புக் கடிதத்தை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் ஒழுங்கைச் சொல்ல வேண்டும்.

ஆனால் புத்தகங்களுக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. பிழையான பிரதிகளை ஒருவார காலத்துக்குள் கோயிலில் ஒப்படைக்கும்படி அறிவித்தல் ஒட்டினார்கள். எது பிழையான பிரதி என்று அறிவித்தலில் இல்லை. அதை எழுதும் துணிவு எவருக்கும் இல்லை. அதனால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த பிழையை ஒப்படைத்தார்கள். புருசன் வயலுக்குப் போன நேரம் பெண்சாதி அவன் புத்தகத்தைக் கொண்டுவந்து கோயில் பெட்டியில் போட்டாள். பெண்சாதி கடைக்குப் போன நேரம் புருசன் அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டான். அன்னப்பூரணி செவ்வாய்க்கிழமை போட்டாள், அப்பா புதன்கிழமை. ஏழு நாளில் புன்னைத்துறையில் ஒரு வீட்டிலும் கும்பாபிஷேக மலர் இல்லை. கோயில் பெட்டி நிறைந்து, சாக்குகளில் கட்டி, எல்லாவற்றையும் உசனாரிடமே திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் உசனார் தொலைபேசியில் கூப்பிட்டார். தனுஷியா பாதையில் ஏறிப் போனாள். அச்சகத்தின் பின்னறையில் பதினெட்டுச் சாக்குகள்.

“கச்சான் கடலை சுத்தத் தாள் வேணுமெண்டு ரெண்டு பேர் வந்து கேட்டாங்க,” என்றார் உசனார். “குடுக்கல்ல. சாமிப் படம் இரிக்கி. நாளைக்கு ஆராவது மிதிச்சா அந்தப் பாவம் எனக்கெதுக்கு? நீயே ஒரு முடிவு செல்லு.”

“யோசிச்சுச் சொல்லுறன் காக்கா.”

“அதோட ஒரு கேள்வி. குறை நினைக்காத.” சாக்கிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார். “ஒங்கட சாமிக்கி சரியான பேரு என்ன?”

“ஆழிவேலர்.”

“அட்டையில அப்பிடித்தான் நான் போட்டன், கோபுரத்தில பாத்து. உள்ளுக்க வேற மாதிரி இரிக்கி. நான் நினைச்சன் ரெண்டு பேரு இரிக்கும் எண்டு.”

புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கோயிலின் பெயர் வரும். கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை எழுதிவைத்து, எல்லாப் பக்கமும் அதிலிருந்தே எடுக்கும்படி அவள் செய்திருந்தாள். அப்படிச் செய்தால் எங்கும் பிழை வராது. பக்கம் மூன்று: அழிவேலர். பக்கம் நான்கு: அழிவேலர். ‘ஆ’வுக்கு நீளும் சுழி இல்லாமல், குட்டையான ‘அ’. அறுபத்துநான்காம் பக்கம்வரை அழிவேலர், அழிவேலர், அழிவேலர். ஒரு புள்ளிப் புத்தகத்திலும் அதுவே. இரண்டு புள்ளியிலும். மூன்று புள்ளியிலும். மூன்று குடியும், மூன்று வண்ணக்கர்களும், சுவிஸும் கனடாவும், மண்டபத்தில் திரையைப் பார்த்த நானூறு பேரும், வரிவரியாக வாசித்த சர்மிலா அக்காவும், எல்லாவற்றுக்கும் மேலாக அதைத் தட்டிய அவளும் பார்த்ததுதான். ஒருவர் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் வேறு பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் விதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு வந்தது. சாக்கின்மேல் இருந்து சிரித்தாள். உசனார் ஒன்றும் விளங்காமல், ஆனால் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார்.

“திருத்தித் தாறியா புள்ள? இன்னொருக்கா அடிப்பம்.”

“வேணாம் காக்கா. இதை ஆரும் கேக்கல்ல.”

சாக்குகள் அங்கேயே இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. பாதையில் திரும்பி வரும்போது அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. வாவி பச்சையாகக் கிடந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, லப்டொப்பைத் திறந்து அந்த ஒரு எழுத்தை நீட்டினாள். கட்டளையைக் கொடுத்தாள். பதினொரு விநாடியில் மூன்று புத்தகமும் சாமியின் சரியான பெயரோடு வந்து நின்றன, ஒருவருக்கும் தேவைப்படாமல்.

கம்பனி வேலை மிஞ்சிக் கிடந்தது. புதிய வாடிக்கையாளருக்கு இன்னொரு பேக்எண்ட் கேட்டிருந்தார்கள்; தலைப்பு நீலமாக, எச்சரிக்கைக்குச் சிவப்புக் கட்டம். அவள் அதைத் தொடவில்லை. மூன்று வருடமாகத் தான் பதினான்கு விதமாக உடுத்தி அனுப்பிய அந்தப் பால் கறக்கும் இயந்திரத்தின் கையேட்டைத் திறந்து, முதல் முறையாக, முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்கத் தொடங்கினாள். நான்காம் பக்கத்தில் மாட்டுக்கு ஐந்து காம்பு என்று இருந்தது.